முதல் பாகத்தார்

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் முனையில் நின்றுகொண்டு, “2.0 நல்ல படம்தானே” என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். கடைவாசல் ஒலிபெருக்கிகளின் பாட்டுச் சத்தத்தையும் மீறி அது ஒருவர் காதில் விழும். ஐம்பதை ஒட்டிய வயது, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, கையில் முறுக்குப் பொட்டலம். “படமா அது?” என்று ஆரம்பிப்பார். அவசர வேலை இருந்தால் அதற்கு முன்பே ஓடிவிடுவது நல்லது. அவர்தான் முதல் பாகத்தார்.

அவருக்கும் பெயர், குடும்பம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை எல்லாம் உண்டு. ஆனால் நிஜமான உத்தியோகம் வேறு. எந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தாலும் முதல் பாகத்தின் சார்பில் ஆஜராகிற வக்கீல் அவர். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

2.0-வின் முதல் பாகமான எந்திரன் வெளிவந்தது 2010 அக்டோபர் 1-ல். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 31 அன்று, அதன் பாடல் வெளியீட்டு விழா நம் புத்ராஜெயாவில் நடந்தது. ரஜினியே வந்திருந்தார். முதல் பாகத்தாரும் சுங்கை நிபோங்கில் பஸ் ஏறிப் போயிருந்தார். பினாங்கில் நான் சந்தித்த முதல் பாகத்தார் அத்தனை பேரும் அன்றைக்குப் போனவர்கள்தான். அத்தனை பேரும் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்கள். ரஜினிக்கு நிற்க இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

எட்டு வருஷம் கழித்து, 2018 நவம்பர் 29-ல் 2.0 வந்தது. வெளிநாட்டில் படத்தை ரீபூட் செய்வார்கள். இயக்குநர் ஷங்கர், பிரித்துப் போட்டிருந்த ரோபோ கதாநாயகன் சிட்டியையே பூட்டி, ஸ்விட்ச் போட்டு, ரீபூட் செய்தார். முதல் பாகத்தார் முதல் நாள் முதல் காட்சிக்கே போனார். பிடிக்காது என்று தெரிந்துமா என்று கேட்காதீர்கள். “நல்லா இல்ல” என்று ஊருக்குச் சொல்வதில் இன்னொருவன் முந்திக்கொள்ள விடலாமா?

தியேட்டரில் அவர் பக்கத்து சீட் வாய்த்தால் அது தனிப் படம். மூக்குக் கண்ணாடி மேல் 3டி கண்ணாடி, அது நழுவாமல் இருக்க ஒரு விரல். இன்னொரு கையால் நம் தொடையில் தட்டித் தட்டிக் குறை சொல்வார். ரங்குஸ்கி கொசு எங்கே? முதல் பாகத்தில் சிகப்பு சிப் மாட்டிக்கொண்டு ஆடு மாதிரி கத்தினானே, அந்தக் கெத்து எங்கே? முதல் பாகத்துக் கதாநாயகி சனா ஏன் போனிலேயே பேசிக்கொண்டிருக்கிறாள், வீட்டுக்கு வரக் கூடாதா? திரையின் கீழே ஓடுகிற மலாய் எழுத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார். “தமிழைவிட மலாய் வசனம் நல்லா இருக்கு, பார்த்தியா?” என்பார். இது, எந்திரனுக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவரான எழுத்தாளர் சுஜாதா இல்லாத ஏக்கம். எந்திரன் வெளிவருவதைப் பார்க்காமலே 2008-ல் சுஜாதா போய்விட்டார். முதல் பாகத்தாரைப் பொறுத்தவரை சிட்டியின் மூளையும் அன்றே போய்விட்டது. (இந்தக் குறையில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்பதை அவர் காதில் விழாமல் சொல்லி வைக்கிறேன்.)

ஆனால் அவருடைய துருப்புச் சீட்டு 2030. எந்திரன் கடைசியில் கதை 2030-க்குத் தாவும். சிட்டி மியூசியத்தில் துண்டு துண்டாக இருப்பான், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். அப்படியானால் 2018-ல் இவன் எப்படி எழுந்து வந்து 2.0-வின் பறவை மனிதனோடு சண்டை போட்டான்? மாமாக் கடையில் ரோட்டி சானாயைப் பிய்த்தபடி இதை அவர் கேட்டபோது மேசையே அடங்கிவிட்டது. அவருடைய அக்கா மகன், படிவம் மூன்று படிக்கிறவன், மைலோவிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: “சண்டை முடிஞ்சதும் திரும்ப மியூசியத்துல வெச்சிருப்பாங்க லா மாமா.”

முதல் பாகத்தார் அன்று இன்னொரு ரோட்டிக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகமெங்கும் இந்த இனம் உண்டு. 2009-ல் ஸ்டார் டிரெக்கைப் புது நடிகர்களை வைத்துத் தொடங்கியபோது, பழைய ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று பழைய ஸ்போக்கான லியோனார்ட் நிமாயையே படத்துக்குள் அழைத்து வந்தார்கள். வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு விபூதி பூசிக்கொள்கிற ஏற்பாடு. அங்கே ஆளை மாற்றினார்கள், கோபம் வந்தது, சரி. நம்மிடம் அதே ரஜினி, அதே ஷங்கர், அதே ரஹ்மான். இத்தனை ‘அதே’ இருந்தும் இவருக்கு அது வேறு படம். எட்டு வருஷத்தில் தன் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மாட்டார்.

சினிமாவோடு நிற்கிற வியாதியும் இல்லை இது. பட்டர்வொர்த்துக்குப் போகிற பழைய ஃபெர்ரி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதைத் திட்டாத நாளில்லை அவர். எண்ணெய் நாற்றம், மெது, அதற்குள் ஒரு தூக்கம் போடலாம். 2020 டிசம்பர் கடைசியோடு அது நின்றது. 2023 ஆகஸ்டில் குளிர்சாதனம் போட்ட புது ஃபெர்ரி வந்தது. கார் ஏறாது, ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். முதல் பாகத்தார் ஏறி உட்கார்ந்தார். அக்கரை வந்தது. “கடல் காத்து எங்க? அந்த எண்ணெய் வாசனை எங்க?” என்றார். நாற்றம் வாசனையாவதற்குச் சரியாக ஒரு புதுப் படகு போதும்.

அவரை வாயடைக்க வைத்தவர் ஒருவர் உண்டு. அதே மாமாக் கடையில் ஓரமாக உட்கார்ந்து சீனி போடாத தே ஓ குடிக்கிற தாத்தா. எண்பதைத் தாண்டியவர். ஒரு ராத்திரி முதல் பாகத்தார், தமிழில் விஞ்ஞானப் படம் என்றால் அது 2010-ல் ஆரம்பித்து 2010-லேயே முடிந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார். தாத்தா கிளாஸை மேசையில் வைத்தார்.

“தம்பி, கலை அரசி பார்த்திருக்கியா?”

“என்ன படம் அது?”

“1963. பறக்கும் தட்டுல வேற கிரகத்துக்காரன் வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போயிருவான். எதுக்கு? அவனுங்க ஊருல பாட்டு சொல்லிக் குடுக்க வாத்தியார் இல்லையாம். எம்ஜியார் அங்கயே போய்க் கூட்டிக்கிட்டு வருவாரு. ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவுக்குப் போனது 1969-ல. வாத்தியார் ஆறு வருஷம் முந்தியே கிரகமே தாண்டிட்டாரு. உன் சிட்டி மெட்ராஸைத் தாண்டலையே.”

அக்கா மகன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். “அதுல பார்த்தா விளங்காது, உள்ள வை” என்றார் தாத்தா. முதல் பாகத்தார் தன் வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டாம் பாகத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முறுக்கை எடுத்தார், கடிக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டார்:

“தாத்தா, அந்தப் படத்துக்கு ரெண்டாம் பாகம் எடுத்தாங்களா?”

“எடுக்கல.”

“அதான் நல்லா இருந்திருக்கு.”