எல்லாத்துக்கும் டீதானா?

எங்கள் குடும்பத்தில் யார் பல் கறுத்தாலும் பழி டீ மேல்தான். "டீயைக் குறைங்கப்பா" என்பார் பெரியப்பா, கையில் இருக்கும் தம்ளரை உறிஞ்சிக்கொண்டே.

டீயில் இருக்கும் டானின் பல்லில் கறையாகப் படியும், வாஸ்தவம்தான். அதற்காக ஊரில் உள்ள கறைக்கெல்லாம் அதுவா ஜவாப்தாரி? பெரியப்பா பல்லையே பாருங்கள். ஈறு வீங்கியபோது டாக்டர் குளோர்ஹெக்சிடின் மௌத்வாஷ் எழுதிக் கொடுத்தார், இரண்டு வாரத்துக்கு மட்டும். வாய் ஜில்லென்று இருக்கிறதே என்று இவர் மாதக்கணக்கில் கொப்பளித்தார். கொப்பளித்த சூட்டோடு ஒரு டீ வேறு. மருந்தும் டானினும் கைகோத்ததில் முன்பல் வரிசை பழுப்பேறிவிட்டது.

அக்கா மகன் விஷயம் விசித்திரம். டீயைத் தொடாத பையன். ஆனால் ஈறை ஒட்டி, பல்லுக்குப் பல் ஸ்கெட்ச் பேனாவால் வளைத்துக் கோடு போட்ட மாதிரி கறுப்பு. "பல்லே தேய்க்கிறதில்ல போல" என்று மாமியார் வீட்டில் ஜாடை பேச, அக்கா அடுப்புக்கரி, உப்பு என்று பிள்ளையின் வாயை ஒரு வழி பண்ணிவிட்டாள். சத்து டானிக்கில் உள்ள இரும்பும் பல்லைக் கறுக்க வைக்கும். இவன் அதுவும் குடிக்கவில்லை. வாயில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா வெளியிடும் கந்தகச் சேர்மம் எச்சிலில் உள்ள இரும்போடு சேர்ந்து இப்படிப் படியுமாம். டாக்டர் சுரண்டி எடுத்தார், மறுபடி வரலாம் என்றும் சொல்லிவைத்தார். இந்தக் கோடு உள்ள பிள்ளைகளுக்குச் சொத்தை பெரும்பாலும் குறைவு என்றதில் அக்கா சமாதானமாகவில்லை. "சொத்தை உள்ள இருக்கும் டாக்டர், யார் பார்க்கப்போறா? இது சிரிச்சா தெரியுதே!"

பெரியப்பாவின் சம்பந்திக்குத் தர்மபுரிப் பக்கம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பூமி. 2013-இல் ஒகேனக்கல் குடிநீர் வரும் முன்னரே வளர்ந்தவர். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடித்தால் எனாமலிலேயே பழுப்புத் திட்டு விழலாம். தேய்த்தெல்லாம் போகாது. அவரிடமும் பெரியப்பா, "டீயைக் கொஞ்சம் குறைக்கலாமே சம்பந்தி" என்றார்.

"குறைச்சுட்டேனுங்க. சின்ன வயசுல குடிச்ச தண்ணியைத்தான் குறைக்க முடியல."

மாமாவுக்குப் பல்லில் குறையில்லை, ஈறு கறுப்பு என்பதுதான் கவலை. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் ஈறிலும் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது நோயே இல்லை. அவரோ பல்பொடியால் ஈறைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு டாக்டர் முன் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் மாமி.

"புகை பிடிச்சாலும் ஈறு கறுக்கும். சிகரெட் பழக்கம் உண்டா சார்?" என்றார் டாக்டர்.

மாமா மாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு உண்டு."