அட்டைப்பெட்டி வைத்தியம்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஜனவரி மாதம் லாரிகளின் மூக்கிலிருந்து மின்வயர் தொங்கும். மின்சார வண்டி போலும் என்று வெளியூர்க்காரர் நினைத்தால் குற்றமில்லை. மைனஸ் 40 டிகிரியில் ஆயில் குழம்பாகிவிடும் என்பதால், இரவெல்லாம் எஞ்சினுக்கு ஹீட்டர்.

காலையில் எஞ்சின் கிளம்பிவிடுகிறது, சூடுதான் ஏறுவதில்லை. ஓட்டுநர் ஒரு மணி நேரம் வண்டியை உறுமவிட்டு, காபி குடித்தபடி வெப்பமானி முள்ளை முறைக்கிறார். முள் மசியவில்லை. சும்மா நிற்கும் டீசல் எஞ்சின் கொஞ்சமே எரிபொருளை எரிக்கும். அந்தச் சூடு அலாஸ்கா குளிருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஓட்டியும் ஏறவில்லையா? கூலன்ட் அளவு சரியென்றால், முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மீதுதான். ரேடியேட்டருக்குக் கூலன்டை விட சுமார் 85 டிகிரியில் திறக்கவேண்டிய இந்தக் கதவு, திறந்தபடியே சிக்கிக்கொண்டு, பிறந்த சூட்டையெல்லாம் ரேடியேட்டர் வழியே பனிக்காற்றுக்குத் தாரைவார்க்கும். கிளம்பிய சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெதுவெதுத்தால் ஆசாமி அகப்பட்டான்.

ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்ற யாருக்குப் பொறுமை? பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து ரேடியேட்டர் முன்னால் செருகிவிடுகிறார்கள். அத்தனை விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு அட்டைதான் கம்பளி!

வேலை செய்கிறது என்பதுதான் வேடிக்கை. குளிர் தணிந்த பிறகும் அட்டையை எடுக்க மறந்தவர், மலையேற்றத்தில் அதே எஞ்சின் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.