கொடியில் தெரியும் முட்டுச்சந்து

கேள்வி: ரப்பர் மாதிரி இழுத்து வளைக்கிற டோபாலஜிக்கும் ஒரே நேரத்தில் ஓடும் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ரத்த சம்பந்தமே உண்டு! இரண்டு புரோகிராம்கள்; இரண்டுக்குமே பிரின்டரும் ஸ்கேனரும் வேண்டும். ஒன்று பிரின்டரை முதலில் பிடிக்கிறது, மற்றது ஸ்கேனரை. கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ராவின் யோசனைப்படி, ஒன்றின் முன்னேற்றத்தைப் படுக்கைக் கோட்டிலும் மற்றதை நெட்டுக் கோட்டிலும் குறியுங்கள். ஒரே சாதனத்தை இருவரும் பிடித்திருக்கும் இடங்களைக் கறுப்பாக்கினால், ஸ்விட்சர்லாந்து கொடியின் சிலுவை வந்து நிற்கும். இரண்டும் சேர்ந்து ஓடுவது இந்தப் படத்தில் ஒரு பாதை; அது கறுப்புக்குள் நுழையாமல் வலப்புறமும் மேலேயும்தான் போகலாம், பின்வாங்கக் கூடாது. சிலுவையின் இடதுகீழ் மூலைக்குள் நுழைந்தால் தீர்ந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டியதுதான்.

தப்பும் பாதைகள் கோடி இருந்தாலும் வகை இரண்டே: சிலுவைக்கு மேலே, அல்லது கீழே. கோடியைச் சோதிக்க வேண்டாம், இரண்டு போதும்! அழகு அதில்தான். இருவரும் ஒரே வரிசையில் சாதனங்களை எடுத்தால் சிலுவை சதுரமாகிவிடும். மாட்டிக்கொள்ள மூலையே இராது.

ஒன்றுக்கொன்று காத்திராமல் புரோகிராம்களால் எவற்றையெல்லாம் கணக்கிட முடியும் என்பதை டோபாலஜியால் ஆராய்ந்த ஹெர்லிஹி, ஷாவிட், சாக்ஸ், ஸஹரோக்லு ஆகிய நால்வருக்கும் 2004-ல் கணினியியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசே கிடைத்தது.