உட்துறைமுக வீதியில் ஓர் உபவாசம்

எங்கள் பூனை 7 கிலோ. விலா எலும்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார் மிருக வைத்தியர். விரல் புதைந்தது, எலும்பு தட்டுப்படவில்லை. "பட்டினி போடாதீங்கோ, ஈரலில் கொழுப்பேறிச் செத்துப்போகும். கிழமைக்கு நூற்றுக்கு ஒன்று குறைஞ்சால் காணும்."

அதாவது 70 கிராம். இரண்டு சூடை மீன் நிறை. சாப்பாட்டைத் தராசில் அளந்து வைத்தோம். பூனையும் முனிவர்போல் உண்டெழுந்தது. மாதம் முடிய நிறுத்தால், 200 கிராம் கூடியிருந்தது!

விசாரித்தேன். விடிய மீன் வெட்டுபவரிடம் பாரைச் செவுள், மத்தியானம் பக்கத்து வீட்டு மாமியிடம் பால்சோறு, பின்னேரம் முன்வீட்டு ஓய்வுபெற்ற அதிபரிடம் கருவாட்டுத் தலை. ஓய்வூதியம் அவருக்கு, சாப்பாடு இதற்கு.

மாமியிடம் முறையிட்டேன்.

"பாவம் தம்பி, உங்கட வீட்டில அதுக்கு ஒண்டும் குடுக்கிறேல்லையாம்."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மதிலில் இருந்தவர் மீசையை நக்கிக்கொண்டிருந்தார்.