மலையேறிய கோப்புகள்

சென்னை வெயில் தாங்காத வெள்ளைக்கார கவர்னர்கள் கோடையானால் ஊட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். பின்னாலேயே அரசாங்கமும் மலையேறும்: செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கட்டுக் கட்டாகக் கோப்புகள். ஊட்டிவரை ரயில் வந்ததே 1908-ல்தான். அதற்கு முன் குன்னூரோடு சரி. ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா கோடைத் தலைமைச் செயலகமானது. இன்று அங்கே அரசு கலைக் கல்லூரி.

கணினிக் கோப்புகளுக்கு இந்தச் சுமைகூலியை 1984-ல் மிச்சப்படுத்தியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம். அதன் என்.எஃப்.எஸ். என்ற வலைப்பின்னல் கோப்பு ஏற்பாட்டில் கோப்பெல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். ஊழியர் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் அவருடைய கோப்புகளின் வீடான ஹோம் டைரக்டரி அங்கே ஆஜர். மேஜை மாறலாம், வீடு மாறாது.

சர்வர் படுக்காதவரை.

படுத்தால், 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறோம்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வரும். 'ஹார்டு மவுண்ட்' முறையில் நிரல் விடாப்பிடியாகக் காத்திருக்கும், விடிய விடிய. ஊட்டிப் பாதையில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்தால் மலை ரயிலையாவது ரத்து என்று அறிவித்துவிடுகிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மகாதேவ் சத்தியநாராயணன் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இந்தக் காத்திருப்புக்கு மாற்று தேடினார். அவர் குழுவின் 'கோடா' என்ற கோப்பு ஏற்பாடு, சர்வருடன் தொடர்பு அறுந்தாலும் கையிருப்புப் பிரதியில் வேலை செய்ய விடும். இணைப்பு வந்ததும் கணக்கை நேர் செய்யும். இருவர் ஒரே கோப்பைத் திருத்தியிருந்தால்? பஞ்சாயத்துதான்.

ஊர் உலகத்தில் பரவியது என்னவோ என்.எஃப்.எஸ்.தான். 'இன்னும் முயல்கிறோம்' உட்பட.