மாமாவை நம்பக்கூடாதா?

கேள்வி: என் மாமா கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார். குடியை அடியோடு விட்டுவிட்டார். ஆனாலும் ரத்தம், சிறுநீர் என்று சோதித்துக்கொண்டே இருக்கிறார்களே, அவர் சொல்வதை நம்பக்கூடாதா?

பதில்: நம்பித்தான் ஆபரேஷனுக்கே தயார் செய்கிறார்கள்! சோதனை அந்த நம்பிக்கைக்குச் சாட்சி.

ஊதச் சொல்லும் கருவிக்கு ஞாபகமறதி அதிகம். சில மணி நேரத்தில் எல்லாம் மறந்துவிடும். சிறுநீரில் 'ஈடிஜி' என்ற மதுத் தடயம் சுமார் 3 நாள் வரை காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் 'பெத்' என்ற தடயம் 2 முதல் 4 வாரம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், 3 செ.மீ. நறுக்கினால் 3 மாதச் சங்கதி வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை: சானிடைசரை அள்ளிப் பூசினாலும், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து குடித்தாலும் ஈடிஜி தலைகாட்டலாம். மாமா மேல் பழி விழுந்தால், 'பெத்' எடுத்து உறுதிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் 6 மாதம் குடிக்காமல் காத்திருக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: அப்படி இருந்தால் சிலருக்குக் கல்லீரலே தேறி, ஆபரேஷன் தேவைப்படாமல் போகும். ஆனால் உயிர் ஊசலாடுபவருக்கு 6 மாதம் ஏது? மதுவால் கல்லீரல் கடுமையாக வீங்கியவர்களில், தேர்ந்தெடுத்த சிலருக்குக் காத்திருக்காமல் மாற்றிப் பார்த்தார்கள் பிரெஞ்சு மருத்துவர்கள். 2011இல் வந்த முடிவு: 6 மாதம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 77 சதவீதம், மாற்றாதவர்களில் 23.

நம் நாட்டில் கல்லீரல் தருவது பெரும்பாலும் வீட்டு ஆள்தான். மனைவியோ மகனோ தன்னையே அறுத்துக் கொடுப்பதற்குக் காவலாகச் சோதனை வேண்டாமா? மாமா தடுக்கி விழுந்து மறுபடி குடித்தாலும் திட்டாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவும் சிகிச்சைதான்.