தேயிலைச் சீமையில் ஒரு நோன்பாளி

ஹட்டன்,
ரமலானில் ஒரு பிற்பகல்.

அன்பும் மரியாதையும் நிறைந்த காக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கங்களில் மூன்று, என் தேக ஆரோக்கியத்தைக் குறித்த உம்மாவின் விசாரணையாகவும், எஞ்சிய ஒன்றில் பெரும்பகுதி, அந்த விசாரணைக்கு நான் ஒழுங்காகப் பதில் எழுதுவதில்லை என்ற தங்கள் புகாராகவும் இருந்தபடியால், இம்முறை வேறு விஷயம் எதையும் தொடாமல் நோன்பையும் உடம்பையும் பற்றி மட்டுமே எழுதுவதென்று சங்கற்பம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது சில இடங்களைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும். எவை என்பதை வாசிக்கும்போதே அறிந்துகொள்வீர்கள்.

காயல்பட்டினத்து வெயிலில் தொண்டை வறண்டு, அஸர் தொழுகைக்குப் பின் கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியுடன் பள்ளிவாசலுக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தபடியே பொழுதைத் தள்ளுகிற தங்களுக்கு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில், கம்பளிச் சட்டையைக் கழற்ற மனம் வராத இவ்வூரில் நோன்பு வைப்பது சுகவாசம் என்றே தோன்றும். ஊரில் தாகம் வந்தால் வந்துவிட்டேன் என்று சொல்லும். இங்கே அது சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குளிரில் தாகவுணர்ச்சி மந்தப்பட்டுவிடுகிறது. நீர் பிரிவதோ அதிகமாகிறது. நாவில் ஈரமிருப்பதைக் கண்டு உடம்பிலும் ஈரமிருப்பதாக நம்பி, ஒரு தம்ளர் தண்ணீரோடு படுத்துவிடுகிறவனுக்கு ஓரிரு நாட்களில் தலைச்சுற்றலும் மலச்சிக்கலும் சேர்ந்தே விஜயம் செய்கின்றன. (இது உம்மாவுக்கு வேண்டாம்.) ஆகையால் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மஃரிபிலிருந்து படுக்கும் வரை மணிக்கொரு தம்ளர் என்று கடன்காரனுக்குத் தவணை கட்டுவதுபோல் கட்டி வருகிறேன். நம் உறவினர் ஒருவர் இதைவிட உயரத்தில், 1,868 மீட்டரில் இருக்கிற நுவரெலியாவில் கடை வைத்திருக்கிறார். மாசி மாதத்தில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்; சஹருக்கு எழுந்து அந்தத் தண்ணீரில் உளூச் செய்கிறவரைக் கண்டால், நோன்பின் நன்மையைவிட உளூவின் நன்மையே மிகுந்துவிடுமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டாகிறது.

குளிரையாவது மன்னித்துவிடலாம், தேயிலையை மன்னிக்க இயலவில்லை. 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, பின்னொரு காலத்தில் ஒரு காயல்பட்டினத்தான் அதனால் படப்போகும் பாட்டை அவர் எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை. நாற்புறமும் கொழுந்து, கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்துகிற தோட்டத்து ஸ்டோரிலிருந்து காற்றோடு வரும் மணமோ, லுஹர் தொழுகையில் முதல் வரிசையில் வந்து நிற்கிறது. வாசனையால் நோன்பு முறியாதென்று நம் ஆலிம்கள் தீர்ப்பளித்திருப்பது மலைநாட்டாருக்குச் செய்த மகோபகாரம். தேநீர்ப் பழக்கமுள்ளவன் அதைச் சட்டென்று விட்டால், கடைசிக் கோப்பைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, சில நாட்கள் ஆட்சி செய்துவிட்டுத் தானே இறங்கிப் போகும் என்று இங்குள்ள வைத்தியர் சொன்னார். அவர் சொற்படி ஷஃபான் மாதத்திலேயே கோப்பைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். முதல் நோன்பன்று தலை வலித்தது, விழுந்துவிடவில்லை.

என் கடைக்கு ஜவுளி வாங்க வரும் ஒரு பாட்டி இருக்கிறாள்; டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்தவள்.

“என்னா நானா, பச்சத்தண்ணி கூடவா பல்லுல படக்கூடாது? எச்சி முழுங்கலாமா?”

“எச்சில் முழுங்கலாம் பாட்டி.”

“அப்ப இந்தச் சாயத்தண்ணியயும் எச்சின்னு நெனச்சு முழுங்கிட்டா சாமி கோவிச்சுக்குமா?”

எந்தக் கிதாபிலும் நான் காணாத இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கையில், நோன்பாளியின் எதிரில் குடிப்பது பாவம் என்று அவளே தன் தம்ளரை எடுத்துக்கொண்டு கடையின் பின்புறம் போய்விட்டாள். அவள் பின்னே போனாள். மணம் முன்னே வந்தது. கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் பாலும் பழமுமாகக் கழித்துக்கொண்டே மலை ஏறிக் கொழுந்து பறித்தவளுக்கு, கல்லாவில் உட்கார்ந்தபடி நான் வைக்கிற நோன்பு பெரிய சாதனையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

இங்கிருந்து மஸ்கெலியா வழியாகப் போனால், 2,243 மீட்டர் உயரமுள்ள பாவா ஆதம் மலை வருகிறது. உச்சியிலுள்ள பாதச்சுவடு பௌத்தர்களுக்குப் புத்தருடையது, இந்துக்களுக்குச் சிவனுடையது, நமக்கோ பாவா ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுடையது. 14-ஆம் நூற்றாண்டிலே இப்னு பதூதாவும் ஏறிச் சென்ற மலை. இப்போது யாத்திரைக் காலமாகையால், ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து இரவு பகலாக ஜனங்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். விலக்கப்பட்டதை ஒரு தடவை உண்டதற்காகச் சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட நம் ஆதிபிதாவின் சுவட்டுக்குக் கீழே, அநேகமாக எல்லாக் கடைகளிலும் தேநீர் கொதிக்கிற ஒரு பட்டணத்தில் உட்கார்ந்து, ஒரு கோப்பையை நோக்காமலிருக்கப் பிரயாசைப்படும்போது, பரம்பரைக் குணம் என்பது எவ்வளவு வலியது என்று எனக்குப் பிரத்தியட்சமாகிறது.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றே. ஆயினும் நாங்கள் தங்களுக்குக் கிழக்கே இருப்பதால், தங்களைவிட ஏறத்தாழ பத்து நிமிஷம் முன்னதாகவே நோன்பு திறந்துவிடுகிறோம். பொறாமைப்பட வேண்டாம், சஹரும் அதேபோல் முந்திக்கொள்கிறது. சிரமம் என்னவென்றால், சூரியன் இங்கே மஃரிபுக்கு வெகுநேரம் முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடுவதால், பொழுது போய்விட்டதென்று வயிறு வாதாடுகிறது. பள்ளிவாசலில் தொங்கும் நேர அட்டவணையோ இல்லை என்கிறது. பிறையின் கதையும் இதுவே. நம் கடற்கரையில் ஊரே நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும். இங்கே மூடுபனியில் எதிர்வீட்டுக் கூரையே சில நாட்களில் தெரியாதபோது பிறை எங்கே தெரியப்போகிறது? கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும் அறிவிப்பை வானொலியில் கேட்டு நிம்மதியடைகிறோம்.

பகல் நோன்பு உடம்பைக் கெடுத்ததாக நான் கண்டதில்லை, கெடுப்பதெல்லாம் இரவுதான். மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி, இவற்றோடு எழுந்து தொழப் போய்விடுகிறவன் க்ஷேமமாக இருக்கிறான். ஆனால் கஞ்சிக்குப் பின்னால் ரோல்ஸ், கட்லட், சமோசா, வடை என்று ஒரு பட்டாளமும், அதை வழியனுப்ப ஃபலூடாவும் வருகின்றன. ரமலானில் ஷைத்தானுக்கு விலங்கிடப்பட்டிருப்பதால், எண்ணெய்ச் சட்டியின் முன் நாம் செய்கிற காரியங்களுக்கு அவனைக் குறை சொல்லவும் வழியில்லை. அவ்வளவையும் உண்டு தராவீஹுக்கு நின்றால், ஸஜ்தாவில் ஒவ்வொரு ரோல்ஸும் தன் வருகையைத் தனித்தனியே தெரிவிக்கிறது. (இதுவும் வேண்டாம்.) சஹரில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முட்டை, ஒரு வாழைப்பழம், அவ்வளவே. உம்மா அனுப்பிய கருவாட்டை அந்நேரத்தில் தொடுவதில்லை, உப்பு பகல் முழுவதும் தண்ணீர் கேட்கும். தொட்டதாகவே சொல்லிவிடுங்கள்.

இனித் தங்கள் விஷயம். சர்க்கரை வியாதிக்காரர், அதிலும் இன்சுலின் போடுகிறவர், ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாங்களோ நோன்பு பாதி கழிந்தபின் எனக்குக் கடிதம் எழுதி விசாரிக்கிறீர்கள். நான் ஜவுளி வியாபாரி. விரலில் ஊசி குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறியுமென்று தாங்கள் சாக்குச் சொல்வதாக மதினி எழுதியிருக்கிறார்கள். ஆலிம்களில் பெரும்பாலோர் முறியாதென்றே சொல்லுகிறார்கள். இங்குள்ள ஹஸ்ரத்தையும் கேட்டுவிட்டேன். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ, கை நடுங்கி வியர்த்தாலோ, மஃரிபுக்கு ஐந்து நிமிஷமே இருந்தாலும் அக்கணமே நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கும் பிரயாணிக்கும் அல்லாஹ் சலுகை தந்திருக்கையில், அதை வேண்டாமென்று திருப்பியனுப்ப நாம் யார்? நோன்பே ஆகாதென்று வைத்தியர் சொல்லிவிட்டால், ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவுக்கான பணத்தை நான் அனுப்பிவைக்கிறேன். தேநீருக்குச் செலவாகாமல் மிஞ்சிய காசு இருக்கிறது.

நாளையே வைத்தியரைப் பார்த்துவிட்டு, தங்கள் சர்க்கரைக் கணக்கை மறுதபாலில் எழுதுங்கள். மதினியிடமும் தனியாக ஒரு கணக்குக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்திருந்தால் சந்தோஷம்.

வஸ்ஸலாம்.

தங்கள் அன்புத் தம்பி